மோகனா ஓடிய ஞாயிறுகள்

மே 31, வெள்ளி

என் மகன் நந்தகுமாருக்குப் புத்தி பிசகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதான என் பேரை ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளக்கரையில் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு ஓடுகிறார்களாம். காசு கிடையாது, பரிசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். குளத்தை இரண்டு சுற்று, ஐந்து கிலோமீட்டர்.

"ஓசின்னு கூப்புட்டா எங்க வேணா போயிருவியாடா?" என்று கேட்டேன்.

"நீங்க ஓட வேண்டாம்மா. மோகனாகூடத் துணைக்குப் போனாப் போதும். தனியாப் போக மாட்டேங்கறா."

"கட்டினவன் நீ இருக்கறயே, நீ போறது?"

"நாங்க ரெண்டு பேரும் தனியாப் போனா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து அழுதுருவோம்மா" என்று சொல்லிவிட்டு, சார்ஜரைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

அப்போதுதான் மருந்து எனக்கில்லை, மருமகளுக்கு என்று புரிந்தது. மார்ச்சில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்தவள் இன்றுவரை வாசல் கேட்டைத் தாண்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தட்டில் வைத்தால் நாலு வாய் சாப்பிடுகிறாள். "அத்தை, உங்க சாம்பார்ல பருப்பைத் தேடறதுக்கு டார்ச் அடிக்கோணும்" என்று கல்யாணமான மூன்றாம் மாதமே சொன்ன வாய் அது. அந்த வாய் எனக்குத் திரும்ப வேண்டும். நடந்தால் வரும் என்றால் நடக்கிறேன், உருண்டால் வரும் என்றால் உருளுகிறேன்.

மார்ச் மாதத்துப் பக்கங்களை இந்த டைரியில் எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதப்போவதும் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

நந்து வாங்கி வந்த கான்வாஸ் ஷூவை மாட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார். "எந்தத் தொகுதில நிக்கறே?" என்றார். மில்லிலிருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவருக்கு இதுதான் வேலை.

குளக்கரையில் எண்பது பேர் இருப்பார்கள். விசில் ஊதியதும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள் மாதிரி எல்லோரும் போய்விட்டார்கள். நானும் மோகனாவும் நடந்தோம். முதல் வளைவுக்குள் எங்களுக்கு முன்னால் ஆளே இல்லை. பின்னால் மட்டும் ஒருத்தர். தாடி, ஐம்பது வயது, ஆரஞ்சு நிறத்தில் கை இல்லாத ஒரு சட்டை.

நாங்கள் மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக வருகிறார். அவசரக்காரருக்கு வழி விடுவதுதானே மரியாதை என்று ஒதுங்கி நின்று, "நீங்க போங்க தம்பி" என்றேன். "பரவால்லீங்க்கா, நீங்க போங்க" என்றார். ஷூ கயிறு கட்டுகிற மாதிரி உட்கார்ந்தேன். அவர் நின்று குளத்தைப் பார்க்கிறார். மூன்றாவது தடவை எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங், வயசுப் புள்ளையைக் கூட்டிட்டுப் போறேன், வால் புடிச்ச மாதிரி பின்னாலயே வர்றீங்களே, உங்க வீட்ல அக்கா தங்கச்சி இல்லீங்களா?"

அந்த மனிதர் கோபப்படவே இல்லை. அப்படியே திரும்பி நின்று முதுகைக் காட்டினார். சட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் 'கடைசி ஆள்' என்று போட்டிருந்தது. பின்னாலேயே வருகிறவர் முதுகை நான் எங்கே பார்ப்பது?

"என்ற வேலையே இதானுங்க்கா. எல்லாத்துக்கும் கடைசியா நான்தான் வரோணும். எனக்கு முன்னால யாரு வேணா எவ்வளவு மெதுவா வேணாப் போலாம். நான் இருக்கறவரைக்கும் இங்க வேற யாரும் கடைசி இல்லீங்க."

பேர் பஷீர். டவுன்ஹால் பக்கம் திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருக்கிறார். எனக்கு மானம் போய்விட்டது. அதை வெளியே காட்டுகிற ஆளா நான்? "இப்பவே திரும்பி ஊட்டுக்குப் போயிட்டேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"உங்களை ஊட்ல விட்டுட்டு வந்து முடிச்சுக்குவேனுங்க்கா."

மோகனா சட்டென்று குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. சிரித்தாளா என்று தெரியவில்லை. முகத்தை எனக்குக் காட்டவில்லை.

முடிகிற இடத்தில் எல்லோரும் வரிசையாக நின்று கை தட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து முறைத்துக்கொண்டே உள்ளே போனேன். கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் இங்கே சத்தமாகத் தட்டுவார்களாம். நல்ல ஊர்தான்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரம் வந்தது. எங்களுக்கு ஒரு மணி நான்கு நிமிடம். "புதுசா வர்றவங்க ஓடியும் நடந்தும் முக்கால் மணி நேரத்துல முடிப்பாங்கம்மா. முழுக்க நடந்தா ஒரு மணிக்குக் கிட்ட. நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க" என்றான் நந்து. நான் எதில் சரியாக வரவில்லை?

ஜூன் 3, திங்கள்

மாடிப்படி இறங்கும்போது பெற்ற தாயைக் கூப்பிட்டேன். மோகனா தைலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 9, ஞாயிறு

பாதிச் சுற்று வரை என்னோடு நடந்தவள், "அத்தை, நான் கொஞ்சம் ஓடிப் பாக்கட்டுங்களா?" என்றாள். மூன்று மாதத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம். "ஓடு கண்ணு, எனக்குத்தான் போலீஸ் பாதுகாப்பு இருக்குதே" என்று பின்னால் காட்டினேன். பஷீர் சல்யூட் அடித்தார்.

நாற்பத்தொன்பது நிமிடம். நந்து அதை ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். என்னுடையதை அனுப்பவில்லை. பரவாயில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தூறல். இருந்தாலும் ஓட்டம் உண்டாம். குடையோடு நடந்தேன். மோகனா நாற்பத்து நான்கு.

ஜூன் 20, வியாழன்

பூக்காரம்மா இரண்டு முழம் மல்லிகை கொடுத்தாள். வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மோகனா தண்ணீர் எடுக்கத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு வெளியே போய்விட்டாள். நான்தான் முட்டாள். எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

பிள்ளை இல்லாமல் போனாலும் பால் ஊறுவது நிற்பதில்லை. மல்லிகையை வைத்து மாரை இறுக்கிக் கட்டினால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். மார்ச்சில் ஐந்து நாள் என் கையால்தான் கட்டினேன். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் பூவை மாற்றுவேன். நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதுவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

விசில் ஊதுவதற்கு முன்னால் ஒரு பெண் மோகனாவிடம் சிநேகமாகப் பேசினாள். நல்ல பெண்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டுவிட்டாள். மோகனா சிரித்த மாதிரி ஒன்று செய்தாள். விசில் ஊதியதும் அவள் போன வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

நாற்பத்தொன்று.

ஜூன் 30, ஞாயிறு

முப்பத்தெட்டு. போன மாதம் வரை ஓடியே அறியாதவளுக்கு இது பெரிய முன்னேற்றமாம். முப்பத்தைந்துக்குள் வந்துவிட்டால் இனிமேல் அவள் புதுசு கணக்கில் வரமாட்டாளாம். நந்து மைசூர்பாகு வாங்கி வந்தான். "பாத்தீங்களாம்மா, தேறிட்டா" என்றான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம், நானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

மைசூர்பாகு டப்பாவில் அவள் பங்கு அப்படியே இருக்கிறது. அவளுடைய ரவிக்கைகளை இந்த மாதத்தில் இரண்டாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். தேறுகிறவள் இளைப்பாளா?

ஜூலை 7, ஞாயிறு

முப்பத்தாறு. என்னுடையது ஒரு மணி இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் குறைத்திருக்கிறேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

நான் இரண்டாவது சுற்றை முடித்து வந்தபோதுகூட மோகனா வேப்பமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் என்ன வரும், மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. முதுகைத் தடவிவிட்டேன். எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது.

"ஏங் கண்ணு, யாரு உன்னைத் தொரத்தறாங்க? இப்படி உசுரக் கொடுத்து ஓடி யாருக்கு என்ன ஆகோணும்?"

வாயைத் துடைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தாள்.

"ஓடும்போது மூச்சு வாங்கற சத்தம் மட்டுந்தானுங்கத்தை கேக்குது. வேற ஒண்ணுமே கேக்கறதில்லீங்க."

"நின்னா என்ன கேக்குது?"

குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நானும் துருவவில்லை. என் நேரம் என்னவென்று பார்க்கவே மறந்துவிட்டேன். அவளுடையது முப்பத்தாறுதான், ஒரு வினாடிகூடக் குறையவில்லை. அதற்குத்தான் அத்தனை வாட்டம்.

ஜூலை 17, புதன்

ஆடி நோம்பி, மாசம் பிறந்த பண்டிகை. காங்கேயத்திலிருந்து மோகனாவின் அம்மா ருக்மணி வந்தார். மகளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பெற்றவள், குற்றம் சொல்ல முடியாது. பருப்பு வடை சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. புள்ளை ஓடாத் தேஞ்சு போய்ட்டா. எங்கூட அனுப்பி வையுங்க. ஒரு வருசம் அங்கயே இருக்கட்டும். இந்த ஊட்டையும், கொழந்தைக்குன்னு ஒழிச்சு வெச்ச அந்த ரூமையும் பாத்துட்டு எப்படி மனசு ஆறும்?"

"இங்க என்ன நாங்க பட்டினியா போடறோம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய்க்குப் பூட்டு இல்லை.

"அத்தையைச் சொல்லாதம்மா" என்றாள் மோகனா. அவ்வளவுதான் சொன்னாள். போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ சொல்லவில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வந்து கூட்டிப்போவதாக முடிவானது.

போகட்டும். எனக்கென்ன? ஒரு ஆள் சோறு குறைச்சல்.

ஜூலை 18, வியாழன்

நேற்று எழுதியது பொய். அவள் போனால் எனக்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு வருஷம் என்று போகிறவர்கள் ஒரு வருஷத்தில் திரும்புவதில்லை, எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று.

ஜூலை 21, ஞாயிறு

ஓட்டம் முடிந்து வந்ததும் நந்துவை மாடிக்குக் கூப்பிட்டுப் பேசினேன். "டேய், அவகிட்ட நான் சொல்லிரட்டுமாடா?" என்றேன்.

"என்னத்தை?"

"என்னத்தைன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்மா. ஆஸ்பத்திரில எல்லாரும் சேந்துதானே முடிவு பண்ணினோம்? பாக்காம இருந்தாத்தான் சீக்கிரம் மறப்பான்னு. நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. இப்பப் போயி ஆறின புண்ணைக் கீறாதீங்க. எம்மேல சத்தியம்."

பெற்ற பிள்ளை சத்தியம் என்றால் தாய் என்ன செய்வாள்? சரி என்று இறங்கி வந்துவிட்டேன். ஆறின புண்ணாம். கட்டுப் போட்டு மூடினதெல்லாம் ஆறினதா?

இங்கே எழுதினால் சத்தியத்தை மீறினதாகாது. பேத்தி. எட்டாம் மாதம். வெளியே வரும்போதே மூச்சில்லை. மோகனாவுக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் பெற்றவளுக்குக் காட்டுவதில்லை, ஆண்கள் எடுத்துப் போய்விடுவார்கள். நர்ஸம்மா துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

போதும்.

ஜூலை 28, ஞாயிறு

முப்பத்து நான்கு நிமிடம் ஐம்பது வினாடி. முப்பத்தைந்துக்குள் வந்துவிட்டாள். ஒருவர் பலூன்கூடக் கொண்டுவந்திருந்தார். அவள் முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்களாம். "மருமக சாதிச்சுட்டாங்க்கா" என்று எனக்குப் பின்னால் வந்த பஷீருக்குத் தலைகால் புரியவில்லை.

மோகனா ஓரமாக நின்றிருந்தாள். கிட்டே போனதும், "அத்தை, இனி என்னங்க பண்றது?" என்று கேட்டாள். பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி கேட்டாள்.

ஃப்ளாஸ்க்கிலிருந்த காபியை ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. அவளுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கமாக வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். பை எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று ஆடி அமாவாசை. குளத்தின் படித்துறையில் விடியற்காலையிலிருந்தே கூட்டம். ஓட்டம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரையும் இடிக்காமல் ஓரமாகப் போங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

விசில் ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள். மோகனா ஓடவில்லை.

"இன்னிக்கு உங்ககூட நடக்கறேனுங்கத்தை" என்றாள்.

"ஏன், கால் வலியா?"

"இல்லீங்க. நாளைக்கு ஊருக்குப் போறனில்லீங்க."

முதல் சுற்று முழுக்க என் நடைக்கே அவளும் நடந்தாள். இரண்டாம் சுற்றில் படித்துறைப் பக்கம் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். ஒரு பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். இறந்துபோனவர்கள் பேரை ஐயர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார்.

"ஏனுங்கத்தை, சின்னக் கொழந்தைகளுக்கு இதெல்லாம் கிடையாதுங்களா?"

"கிடையாது கண்ணு. வழக்கமில்லை."

"பேரும் வெக்கலீங்களே. என்னன்னு சொல்லிக் கூப்புடறது?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, பாப்பா யாரு மாதிரிங்க இருந்தா?"

சத்தியம் ஞாபகம் வந்தது. நந்துவின் முகமும் வந்தது. ஆனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐந்து மாதமாக இந்தக் கேள்வி அவள் வாய்க்குள் இருந்திருக்கிறது. அதைச் சுமந்துகொண்டுதான் அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறாள். நந்து கண்ணு, என்னை மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்தேன். பக்கத்திலிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உன்னை மாதிரிதான் கண்ணு. நெத்தியும் மூக்கும் உன்னை உரிச்சு வெச்சிருந்தா. காது மட்டும் நந்து. மேல் மடல் கொஞ்சம் மடங்கியிருக்கும் பாரு, அதே."

அவள் மூச்சுக்கூட விடாமல் கேட்டாள்.

"முடிங்க?"

"கருகருன்னு, அப்படியே பின்கழுத்து வரைக்கும். எண்ணெய் வெச்சு வாரினாப்பல படிஞ்சு கெடந்துச்சு."

"வெரலு?"

"நீள நீளமா. நகமெல்லாம் வளந்திருந்துது. கால்ல பாரு, கட்டை வெரலைவிட அடுத்த வெரலு நீளம், உனக்கிருக்கற மாதிரியே. அப்படி இருந்தா புருசனை ஆட்டிப் படைப்பாம்பாங்க. எம்பட பையன் படற பாட்டைப் பாத்துட்டு, இவளைக் கட்டறவன் கதி என்னன்னு அப்பவே நெனைச்சேன்."

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் மடியில் விழுந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, வீட்டில் அழாதது எல்லாம் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கு மட்டும் என்ன கல் நெஞ்சா? முதல் பேத்தி.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது பஷீர் ரொம்ப தூரத்தில், வளைவுக்கும் அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். போனில் யாரோ கேட்கிறார்கள் போல. "இல்லீங்க, இப்பவே மூட்டை கட்ட வேண்டாம், இருங்க. வந்துட்டிருக்காங்க" என்று சொல்வது காற்றில் கேட்டது.

ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம். இந்த ஓட்டம் ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு நேரம் யாரும் எடுத்துக்கொண்டதில்லையாம். வெயில் ஏறியும் இருபது பேர் கிளம்பாமல் காத்திருந்து கை தட்டினார்கள். மோகனாவின் முகம் வீங்கியிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்து இட்லி சாப்பிட்டாள். சட்னியில் உப்பு தூக்கலாம்.

மத்தியானம் நந்துவிடம் போய் நின்றேன். "அவ கேட்டா. சொல்லிட்டேன்டா. எம்மேல கோவிச்சுக்கோ" என்றேன்.

கோபிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்தான். பிறகு, "காது என்னை மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியாதா? நீதானே மடில வெச்சு எடுத்துட்டுப் போனே?"

"துணியைப் பிரிக்கலைம்மா. அப்பா வண்டி ஓட்டினாரு. நான் பின்னால மடில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். தெகிரியம் வரலை. நானும் பாக்கலைம்மா."

இந்த வீட்டில் அந்த முகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்திருந்தால், அவள் முகம் யாருக்குமே இல்லாமல் போயிருக்கும்.

அவனை உட்கார வைத்து அவனுக்கும் முதலிலிருந்து சொன்னேன். பாதியில் மோகனா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து அழுதார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சம்பந்தியம்மா மத்தியான பஸ்ஸுக்கு வருகிறார். மோகனா போகத்தான் போகிறாள். "ஆவணி பொறந்ததும் வந்தர்றேனுங்கத்தை. வர்றவரைக்கும் உங்க சாம்பாரை மாமா எப்படித்தான் சாப்பிடப் போறாரோ" என்றாள். வருவாள். எனக்குத் தெரியும்.

காபி குடிக்கும்போது, "நேத்துச் சொன்னதெல்லாம் உங்க டைரில எழுதி வையுங்க. நாளைக்கு நான் மறந்துட்டன்னா?" என்றாள். பெற்றவள் மறப்பாளா? ஆனாலும் எழுதுகிறேன். அவள் என் தோள்மேல் தாடையை வைத்து, எழுத எழுதப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை காலையில் பிறந்தாள். பெண். நல்ல நிறம். நெற்றியும் மூக்கும் அம்மா, காது அப்பா. முடி கழுத்து வரை. நீண்ட விரல்கள். கண் மூடியிருந்தது, இமை முடி நீளம். வாய் லேசாகக் குவிந்திருந்தது. கோபித்துக்கொண்ட மாதிரி இருந்ததென்று எழுதினேன். "அது நீங்கதானுங்கத்தை" என்கிறாள் பின்னாலிருந்து.

எல்லாம் எழுதியாகிவிட்டது என்று மூடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தாள். ஒன்று கேட்க வேண்டும் என்றாள். கேட்கவே அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று.

"நீங்க வாங்கும்போது ஜில்லுனு இருந்தாளாங்கத்தை?"

"இல்லை கண்ணு. சூடா இருந்தா" என்றேன். "உன்ற சூடுதான். நான் கீழ விடறவரைக்கும் இருந்துது."